டேபிள் உறவைத் தாளில் வரைந்து கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சேலத்தில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு லாராவெல் (பிஎச்பி மொழியில் வெப்சைட் கட்ட உதவும் கட்டமைப்பு) எடுக்கும் பிள்ளைகளுக்கு லாகின் பக்கம் வரை எல்லாம் ஓடிவிடுகிறது. தகவல்களை வரிசையும் பத்தியுமாகச் சேமிக்கும் டேபிள் ஒன்றை இன்னொன்றோடு இணைக்கும் இடம் வந்ததும் வேலை நின்றுபோகிறது. காரணம் தெரியாமல் யூடியூப் வீடியோவில் பார்த்த வரிகளை மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். பாடம் நடத்துபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு ஆர்டர் பதிவேடு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பட்டறைக்குப் பல ஆர்டர். ஆகவே எந்தப் பட்டறை என்று சொல்லும் எண்ணுக்கான பட்டறை_ஐடி என்ற காலம் (column, டேபிளின் பத்தி) ஆர்டர் டேபிளில்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடுமுன் இதைத் தாளில் வரையச் சொல்லுங்கள்; எந்தப் பக்கம் 'ஹேஸ்மெனி' (இதற்குப் பல உண்டு), எந்தப் பக்கம் 'பிலாங்ஸ்டு' (இது அதற்குச் சொந்தம்) என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷன் ஃபைல்களை ஓட்டும்போது, ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்புடன் வரும் மரியாடிபி டேட்டாபேஸ், டேபிள்களை இணைக்க முடியவில்லை என்ற பொருளில் 'எர்ர்னோ 150' என்று நிறுத்தினால் முதலில் அந்த ஃபைல்களின் வரிசையைப் பாருங்கள். பெயரின் முன்னால் உள்ள தேதி, நேரப்படிதான் அவை ஓடும். ஆர்டர் ஃபைல் முந்திக்கொண்டால், இன்னும் உருவாகாத பட்டறை டேபிளை அது தேடும். வரிசை சரியென்றால் காலத்தின் வகையைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் வந்த லாராவெல் 5.8 பதிப்பிலிருந்து புது மைக்ரேஷனில் ஐடி 8 பைட் பிக்இன்ட் (பெரிய முழு எண்). பழைய வீடியோவைப் பார்த்து ஆர்டர் டேபிளில் 4 பைட் அன்சைன்டு இன்டீஜர் போட்டால் இரண்டும் சேராது. 7-ஆம் பதிப்பில் வந்த 'ஃபாரின்ஐடி'யைப் போட்டால் அதே 8 பைட் வகையே வரும்; இந்தத் தொல்லை இல்லை.

இவையாவது சிவப்பு எழுத்தில் கத்திச் சொல்லும் பிழைகள். கத்தாத பிழைதான் பிள்ளைகளை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது. ஹேஸ்மெனி, தான் எழுதப்பட்ட மாடலின் (டேபிளைக் கையாளும் கிளாஸ்) பெயரோடு _ஐடி சேர்த்துக் காலத்தைத் தேடும்; அந்தக் காலம் இல்லையென்றால் '1054 அன்நோன் காலம்' என்று சொல்லிவிடும். பிலாங்ஸ்டு அப்படியல்ல. நீங்கள் எழுதிய ஃபங்ஷனின் பெயரோடு _ஐடி சேர்க்கும். ஃபங்ஷனுக்குக் 'கடை' என்று பெயர் வைத்தால் கடை_ஐடியைத் தேடும். அப்படியொரு காலம் இல்லாவிட்டால் குவெரியே (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அனுப்பாமல் பேசாமல் 'நல்' (null, வெற்று மதிப்பு) தந்துவிடும். பிழை பிறகு, திரையில் காட்டும் பக்கத்துக்கான வியூ ஃபைலில், பட்டறை பெயரை அச்சிடும் வரியில் வெடிக்கும். பையன் அந்த வரியையே திருத்திக்கொண்டிருப்பான். பிலாங்ஸ்டுவின் இரண்டாவது இடத்தில் பட்டறை_ஐடி என்று எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

இதைக் கண்டுபிடிக்க, வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் லாராவெலின் டிங்கர் போதும். ஓர் ஆர்டரை எடுத்து அதன் பட்டறை_ஐடியை மட்டும் அச்சிடுங்கள். நல் என்றால் சேமிக்கும்போதே விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும், மொத்தமாகச் சேமிக்க அனுமதித்த காலங்களைச் சொல்லும் 'ஃபில்லபிள்' பட்டியலில் அந்தக் காலம் இருக்காது. எண் வந்தால், அந்த ஐடியில் பட்டறை இருக்கிறதா என்று, டேபிள்களைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் பாருங்கள். அதுவும் இருந்தால் மீதி இருப்பது ஃபங்ஷன்தான். ஹேஸ்மெனி பக்கத்தில் குவெரியை எழுத்தாகக் காட்டும் 'டூஎஸ்கியூஎல்' போட்டு எந்தக் காலத்தைத் தேடுகிறது என்று கண்ணால் பாருங்கள். புரோகிராம் வரிகளை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

'கேஸ்கேட்' என்ற சொல்லை அர்த்தம் சொல்லாமல் எழுத வைக்காதீர்கள். அதைப் போட்டுவிட்டு ஒரு பட்டறையை அழித்தால் அதன் ஆர்டர்கள் அத்தனையும் சேர்ந்து போகும். கணக்குப் பதிவேட்டில் அது கூடவே கூடாது, ஆர்டர் உள்ள பட்டறையை அழிக்கவிடாத 'ரெஸ்ட்ரிக்ட்'தான் சரி.

புராஜெக்ட் ரிவியூவுக்கு வரும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரை அழகாக இருக்கிறதா என்பதோடு, பக்கம் திறக்க எத்தனை குவெரி ஓடுகிறது என்றும் கேளுங்கள். 50 ஆர்டர்களைப் பட்டறை பெயரோடு காட்ட 51 குவெரி (ஆர்டர்களுக்கு ஒன்று, ஒவ்வோர் ஆர்டரின் பட்டறைக்கும் ஒன்று) ஓடினால், பட்டறைகளை மொத்தமாக எடுக்கும் 'வித்' சேர்த்து அதை 2 ஆக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

- ஒரு வெப் டெவலப்பர்,
அஸ்தம்பட்டி, சேலம்.