வண்டிக்குத் தரைத்தளம், கிழவருக்கு மாடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகளின் மறுகட்டுமானம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியில், பணி தாமதமாவதற்குக் காலி செய்ய மறுக்கும் முதியவர்களின் பிடிவாதமே காரணம் என்று ஒரு வரி இருந்தது. எழுதிய நிருபர் இளைஞராக இருக்க வேண்டும். நீடூழி வாழட்டும், மூட்டுவலி என்றால் என்னவென்று அப்போதுதான் தெரியும்.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். எழுபதைக் கடந்துவிட்டேன். வடசென்னையில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடியில் மனைவியோடு வசிக்கிறேன். கூரைப்பூச்சு சோற்றுத் தட்டிலேயே விழுந்திருக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் சரிந்ததையும் மறக்கவில்லை. ஆகவே, கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இடித்தால் எங்கே போவது? கட்டி முடியும்வரை வெளியே தங்க அரசு தருவது குடும்பத்துக்கு 24,000 ரூபாய். மாதாமாதம் அல்ல ஐயா, மொத்தமாக! சென்னையில் அது அட்வான்ஸுக்கே போதாது என்பது உங்களுக்குத் தெரியாததா? வாடகைக்குத்தான் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்கள் போலும். காசிருந்தாலும் வயதானவர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. "இங்கே ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது?" என்று ஒரு வீட்டுக்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

சரி, புது வீடு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். புளியந்தோப்பு கே.பி. பூங்கா பகுதியில் வாரியம் கட்டிய புத்தம்புதுக் கட்டடத்தின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததை 2021-இல் ஊரே பார்த்தது. அந்த வீடுகளுக்கும் பயனாளி பங்களிப்பு என்று குடிவருபவர்களிடம் பணம் கேட்டார்கள். எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம். மேலே ஒன்பது மாடிகள். குலுக்கலில் விழுந்த இடம்தான். லிப்ட் உண்டாம். நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தின் வாரிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்களிடம், லிப்ட் பழுதாகிற கதையைக் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில், திரும்பவும் எங்களுக்கே வீடு என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "நம்புங்கள் பெரியவரே" என்றார் வந்த அலுவலர். தாளின் நகல் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நம்பிக்கை எப்படி வரும்? படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி கேட்டு முன்பு எல்லோருமாக மனுக் கொடுத்தோம். பதிலே இல்லை. அந்தப் படியில் விழுந்துதான் என் மனைவியின் இடுப்பெலும்பு முறிந்தது. பிடித்துக்கொள்ள ஏதும் இல்லாதவர்களைத்தான் உங்கள் நிருபர் பிடிவாதக்காரர்கள் என்கிறார்.

நாங்கள் எழுதினால் குப்பைக்கூடை. நீங்கள் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள். அறுபதைக் கடந்தவர்களைக் குலுக்கலில் சேர்க்காமல் முதல் இரண்டு மாடிகளிலேயே வீடு ஒதுக்க வேண்டும். அதைக் காலி செய்யச் சொல்லும் தாளிலேயே எழுதித் தர வேண்டும். இடிக்கும்வரை இங்கேதான் ஏறி இறங்கப் போகிறோம் என்பதால், அதற்குள் அந்தக் கைப்பிடிக் கம்பியையும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
வடசென்னை