மருந்து ஒப்பந்தத்துக்கு ஒரு பொது மாதிரி தாருங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சுக்கும் தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகாரசபைக்கும்,

வணக்கம். பலன் தராவிட்டால் காசு திரும்பும் என்ற பேச்சோடு விலை கூடிய மருந்துகள் விற்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒப்பந்தங்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மாதிரி வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பாவுக்கு மல்ட்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இல்லாத ஊசி ஒன்றை, சின்னம்மாவின் காப்பை அடைவு வைத்து வெளியில் வாங்கினோம். நான்கு சுற்று ஊசி முடிய, இரத்தத்தில் எம் புரதம் (இந்தப் புற்றுநோய்க் கலங்கள் சுரக்கும் புரதம்) பாதியாகக் குறையாவிட்டால் காசைத் தருவோம் என்று சொல்லி இறக்குமதி நிறுவனம் கையெழுத்து வாங்கியது. குறையவில்லை. யாழ்ப்பாணத்து ஆய்வுகூட அறிக்கையோடு கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். தாங்கள் குறித்த கொழும்பு ஆய்வுகூடத்தின் அறிக்கைதான் செல்லுமாம். அதுவும் குறித்த நாளுக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டுமாம். சரி என்று மறுபடி இரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் அனுப்பினோம். இரத்தம் எடுத்தது கெடுவுக்குள். அறிக்கை வந்தது கெடு முடிந்த பிறகு. "நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது தம்பி" என்று ஃபோனை வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்க ஆங்கிலம். சித்தப்பாவின் கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது, அது செல்லுபடியாகிவிட்டது.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு வேறு நிறுவனம், வேறு தாள். அதில் பலன் என்றால் ஸ்கேனில் கட்டி சுருங்குவது. எவ்வளவு சுருங்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

இங்கிலாந்து 2007 இல் இதே நோய்க்கான வெல்கேட் மருந்தை இப்படித்தான் ஏற்றது. நான்கு சுற்றுக்குள் எம் புரதம் 50 வீதமாவது குறையாவிட்டால் செலவு உற்பத்தியாளருடையது. பிறகு மருந்துக்கு மருந்து நிபந்தனை மாறியதில் அங்குள்ள ஆஸ்பத்திரி மருந்தாளர்களே திண்டாடினார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தவர்களுக்கே அந்த நிலை என்றால், கட்டிலருகில் நிற்கும் வீட்டுக்காரர் எந்த மூலைக்கு?

ஆகவே திரும்பவும் கேட்கிறேன்: ஒரு பொது மாதிரி தாருங்கள். எந்த அளவு, எப்போது, யார் அளப்பது என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அரச ஆஸ்பத்திரி அறிக்கை எங்கும் செல்ல வேண்டும். காசு கட்டியவர் கைக்கே திரும்ப வேண்டும். மூன்று மொழியிலும் இருக்க வேண்டும்.

2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறித்த நாடு இது. பரசிட்டமோலுக்கு விலை போடத் தெரிந்தவர்களுக்கு நாலு பக்க மாதிரி எழுத நேரமில்லையா? தமிழில் எழுதும் கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவதும், கொழும்பில் கூட்டம் கூடினால் பருத்தித்துறைக்கும் விளங்கிவிட்டதாக எண்ணுவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கதை வேண்டாம், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மாதிரி தயாராக நாளாகும் என்றால், அதுவரை ஒரு சுற்றறிக்கையாவது விடுங்கள்: அறிக்கை கிடைத்த திகதியை விட்டு, இரத்தம் எடுத்த திகதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. தயவுசெய்து இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். சித்தப்பாவுக்கு அடுத்த மருந்து எழுதியாகிவிட்டது, அதற்கும் ஒரு ஒப்பந்தம் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
பெறாமகன் ஒருவன், யாழ்ப்பாணம்