ஜூன் மாதத் தினங்கள்: எல்லாரும் படிச்சுருங்க

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பிறந்துட்டா நம்ம குழுவுல விடியுமுன்னே வாழ்த்துப் படம் வந்து குவியும். வேண்டாம்னு சொல்லல, ஒரு தினத்துக்கு ஒரு படம் போதும்.

ஜூன் 1 உலகப் பால் தினம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2001-ல ஆரம்பிச்சது. வெண்மைப் புரட்சியின் தந்தை வர்கீஸ் குரியன் பிறந்தநாளான நவம்பர் 26 நம்ம தேசியப் பால் தினம். ரெண்டையும் கலந்து அனுப்பாதீங்க.

ஜூன் 3 சைக்கிள் தினம். காலை 6 மணிக்கு வண்ணார்பேட்டையில கிளம்பி குறுக்குத்துறை முருகன் கோயில் வரை போறோம். பைக்குல வந்து போட்டோவுக்கு மட்டும் நிக்கக் கூடாது.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், 1972-ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கின நாள். மரக்கன்று படத்தை விடுங்க, தாமிரபரணி படித்துறைக்கு வாங்க. ஆத்துல விட்டுட்டுப் போன பழந்துணியை அள்ளணும். சாக்கும் கையுறையும் அவங்கவங்க கொண்டு வரணும்.

மாசத்தோட முதல் வெள்ளி அமெரிக்காவுல டோனட் (நடுவுல ஓட்டை வச்ச இனிப்புப் பலகாரம்) தினமாம். சிரிக்காதீங்க. முதல் உலகப் போருல சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புப் பெண்களைப் பெருமைப்படுத்த 1938-ல சிகாகோவுல தொடங்கினது. நமக்கு ஓட்டை போட்ட உளுந்த வடை இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் சுடலாம். மாவு ஆட்டித் தர்றவங்க பேரு கொடுங்க. ஆண்களும்தான்!

ஜூன் 21 யோகா தினத்துக்கு மொட்டைமாடி திறந்திருக்கும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத் தேதி கோயில்ல அறிவிச்சதும் போடுறேன், அதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு தேதி பரப்ப வேண்டாம்.