வேர் ஒன்று, நம்பிக்கை ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் ஆபிரகாம் வழி வந்தவை, அதனால் மூன்றும் சொல்வது ஒன்றுதான் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஒத்துக்கொள்ள முடியாது.

இயேசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் அவரை ஏற்பதே இல்லை என்று எங்கள் களியக்காவிளைப் பக்கத்திலேயே படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள், அது தப்பு. ஈசா நபி என்று அவர்கள் அழைக்கும் இயேசு, கன்னி மர்யமின் (மரியாளின்) மகன், மெசியா, அதாவது இறைவன் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர், திரும்பவும் வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர். ஆனால் அவர் இறைமகன் அல்ல, அவரைச் சிலுவையில் கொல்லவும் இல்லை என்று அதே குர்ஆன் சொல்கிறது. கிறிஸ்தவருக்கோ சிலுவையும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலும் இல்லையென்றால் விசுவாசமே இல்லை. யூதர்களைக் கேட்டால் மெசியா இன்னும் வரவே இல்லை என்பார்கள். கடவுள் மனிதனாக வந்தார் என்பதை மறுப்பதில் யூதரும் முஸ்லிமும் ஒரே பக்கம்.

இதற்குப் பின்னால் பாவம் பற்றிய பார்வை இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதையும் பிடித்திருக்கிறது, அதற்குப் பரிகாரமாகத்தான் கிறிஸ்து மரித்தார் என்று பெரும்பாலான திருச்சபைகள் போதிக்கின்றன. இஸ்லாத்தில் ஆதமை இறைவன் அப்போதே மன்னித்துவிட்டான், அவரவர் பாவம் அவரவருக்கு. யூத மதத்திலும் பிறவிப்பாவம் என்ற போதனை கிடையாது, மனம் திரும்பி நேர்வழிக்கு வருவதுதான் அங்கே முக்கியம்.

அப்புறம், யூத மதத்தைக் கிறிஸ்தவத்துக்கு முன்னுரை மாதிரி நான்கே வரியில் முடித்தது எனக்கு வருத்தம். 613 கட்டளைகள், அவர்களுடைய ரபிகளின் (மத அறிஞர்களின்) விளக்கங்கள் அடங்கிய தல்மூத், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள் என்று இன்றும் வாழ்கிற மதம் அது. நம் பக்கத்துக் கொச்சியிலேயே, மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய யூத ஜெப ஆலயம் நிற்கிறது. அந்த மக்களில் பெரும்பாலோர் 1948க்குப் பிறகு இஸ்ரேல் போய்விட்டார்கள் என்பதற்காக அவர்கள் நம்பிக்கையையும் பழங்கதையாக்கிவிடக் கூடாது.

பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்குகிற நாங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எதை உயிராக நம்புகிறார் என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை ஒருவரே மூன்றையும் எழுதாமல், அந்தந்த மதத்தைப் பின்பற்றுகிறவர்களையே எழுதச் சொல்லி, வேறுபாடுகளை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், களியக்காவிளை