எடித் ஸ்டைனோடு ரோசாவும் போனார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட கத்தோலிக்கக் கன்னியரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இதைத் தமிழில் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் எடித் ஸ்டைனையும் அருட்சகோதரி ரெஸ்டிட்யூட்டாவையும் ஒரே வரியில் சேர்த்து, இருவரும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள் என்று முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது.

எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1922இல் திருமுழுக்குப் பெற்று, 1933இல் கொலோன் நகரின் கார்மல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஜெர்மனியில் யூதர்களுக்கு ஆபத்து முற்றியதால் 1938 கடைசியில் நெதர்லாந்தின் எஃக்ட் மடத்துக்குப் போனார். 1942 ஜூலை 26 அன்று அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள், யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து எழுதிய கடிதம் கோவில்களில் வாசிக்கப்பட்டது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 2ஆம் தேதி, கத்தோலிக்கராக மாறியிருந்த யூதர்களை நாஜிகள் தேடிப் பிடித்தார்கள். ஆயர்களைப் பழிவாங்கத்தான் அது, சரி. ஆனால் எஃக்ட் மடத்திலிருந்து அன்று யாரைக் கொண்டுபோனார்கள்? எடித்தையும், அங்கேயே தங்கியிருந்த அவருடைய அக்கா ரோசாவையும் மட்டும்தான். அதே விசுவாசமும் அதே செபமும் உள்ள மற்றக் கன்னியர் மடத்திலேயே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, அக்கா தங்கை இருவரும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

எடித் தன் யூதப் பிறப்பை மறைத்தவரும் இல்லை. 1933இல் திருத்தந்தை பதினோராம் பயஸுக்கு எழுதிய கடிதத்தில் தன்னை முதலில் யூத மக்களின் பிள்ளை என்றும், அப்புறம் திருச்சபையின் பிள்ளை என்றும் சொல்கிறார். அந்த முதல் பாதியை நாம் விட்டுவிடலாமா?

ரெஸ்டிட்யூட்டாவின் கதை வேறு. வியன்னா பக்கத்திலுள்ள மோட்லிங் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் அவர். புதிதாகக் கட்டிய பகுதியின் அறைகளில் பாடுபட்ட சுரூபங்களை (இயேசு தொங்கும் சிலுவைகளை) மாட்டினார். கழற்றச் சொன்னபோது முடியாது என்றார். ஆட்சிக்கு எதிரான ஒரு பாட்டைச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவரே காட்டிக்கொடுத்தார். 1942 பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன் அன்று, ஆபரேஷன் தியேட்டரில் கைது செய்தார்கள். நானும் தியேட்டரில் 31 வருடம் நின்றவள். அங்கிருந்து ஒரு நர்ஸை இழுத்துப்போவதை நினைக்கும்போதே கை நடுங்குகிறது. கருணை மனு ஹிட்லரின் வலதுகையான போர்மன் வரை போய் நிராகரிக்கப்பட்டது. மற்றவர்களுக்குப் பயம் வர வேண்டுமாம். 1943 மார்ச் 30 அன்று கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். வயது 48.

இவர் செய்த செயலுக்காகக் கொல்லப்பட்டார். எடித் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை, யூதராகப் பிறந்ததே போதுமானதாக இருந்தது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்துங்கள். ரோசாவின் பெயரையும் சேருங்கள். கட்டுரையில் எங்குமே அவர் இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தூத்துக்குடி