மதிப்பெண் அட்டையில் பாடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்

திருவாரூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். திருத்துறைப்பூண்டி வட்டாரப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன்.

இரண்டாம் பருவ அட்டை வீட்டுக்கு வரும் ஜனவரியில் எங்கள் ஊரில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். களத்திலிருந்து திரும்பும் தாய், கையெழுத்துப் போடுமுன் "பாஸா, ஃபெயிலா?" என்று மட்டும் கேட்கிறார். அதற்கு மேல் கேட்க அந்த அட்டையில் ஒன்றுமில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அட்டையைப் பார்த்தேன். கணக்கில் முதல் பருவம் 41, இரண்டாம் பருவம் 50. இரண்டுக்கும் சி2 தரநிலைதான், ஏனெனில் 41 முதல் 50 வரை அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரே ஒரு மதிப்பெண் கூடி 51 எடுத்திருந்தால் சி1 ஆகியிருக்கும். பின்னக் கூட்டல் அவளுக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. வாக்கியக் கணக்கில் கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில்தான் தடுமாறுகிறாள். அவளுக்குத் தேவை தமிழ் வாசிப்புப் பயிற்சி. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியருக்கு இது தெரியும். கணக்கு டியூஷனுக்குப் பணம் புரட்டும் தந்தைக்குத் தெரியாது.

வகுப்பறைச் செயல்பாடுகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்ததே வகுப்பறையில் ஆசிரியர் அன்றாடம் கவனிப்பதும் கணக்கில் வரவேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவும் கூறுகிறது. ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள், பதிவேட்டிலும் எழுதுகிறார்கள். எங்களிடம் வந்து சேர்வது கூட்டுத்தொகையும், பல அட்டைகளில் ஒன்றுபோலவே இருக்கும் "இன்னும் முயற்சி தேவை" என்ற குறிப்பும் மட்டுமே.

ஆகவே, ஒவ்வொரு பாடத்துக்கும் எது கைவந்தது, எங்கே தடுமாற்றம் என்று ஒரு வரி எழுத ஆணையிடுமாறு வேண்டுகிறேன். இணையப் பதிவேற்றங்களால் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதை அறிவேன். ஆதலால் அட்டையில் வேறொரு பகுதியைக் குறைத்தாவது இதற்கு இடம் தாருங்கள். பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு 2017-இல் கைவிட்ட பின்னும் சில பள்ளிகளில் நிரப்பப்படும் ரேங்க் கட்டத்தை முதலில் எடுத்துவிடலாம்.

அட்டை வழங்கும் கூட்டத்தை முற்பகலில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. மாலையில் வையுங்கள், கைநாட்டு வைக்கும் பெற்றோருக்கு அந்த வரிகளை வாசித்துச் சொல்ல நான் வருகிறேன். மூன்றாம் பருவ அட்டையிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்