சன்சோக் கேட்டதற்கு மாங்காய் இஞ்சி அனுப்பியது தொடர்பான புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பதினோரு தடவை போன் செய்தாயிற்று, மூன்று புகார் எண் வாங்கியாயிற்று. இனி எழுத்தில்தான்.

போன ஞாயிறு என் அத்தைக்கு எழுபதாவது பிறந்தநாள். முப்பது வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு கிழங்கை டோப்பினாம்பூர் என்பார்கள். உங்கள் ஆப்பில் அதன் பெயர் சன்சோக். அவருக்குச் சர்க்கரை. இந்தக் கிழங்கில் மாவுச்சத்துக்குப் பதில் பெரும்பாலும் இன்யூலின் என்ற நார்ச்சத்துதான் என்பதால், ஆசைக்கு ஒரு கிண்ணம் சூப் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கிலோ போட்டேன். 640 ரூபாய்.

வந்தது மாங்காய் இஞ்சி. மேலே பார்த்தால் இரண்டும் முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தி வைத்ததுமே பச்சை மாங்காய் வாசனை அடித்தது, உள்ளே இளமஞ்சள். சன்சோக் சூரியகாந்தி இனம், உள்ளே வெள்ளை. விற்கிற உங்களுக்கு இதை நானா சொல்ல வேண்டும்?

உங்கள் சேவை மையத்தில் பேசியவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை: "கிழங்கு கிழங்குதானே சார், ஊறுகாய் போட்டுக்கோங்க." பாலில் வேகவைக்க வாங்கியதை ஊறுகாய் போடுவதா? சேனை கேட்டு சேம்பு வந்துவிட்டால், பெரிய மார்க்கெட்டில் கிழங்கு விற்கும் அம்மா மறுபேச்சு பேசாமல் மாற்றித் தருவார்.

"நேரில் கொடுத்து மாத்திக்கோங்க" என்றதும் அவர்தான். திங்கள்கிழமை வெயிலில் ஸ்கூட்டரில் கடலூர் கிடங்குக்குப் போனேன். கிருமாம்பாக்கத்தில் நெரிசல் வேறு. வாட்ச்மேன், "இங்க ரிட்டர்ன் வாங்குறதே இல்ல" என்று கேட்டோடு அனுப்பிவிட்டார். அரை நாள் சம்பளம் போயிற்று. சொல்ல விட்டுப்போனது: பார்சல் பிரித்த படத்தை ஞாயிறு காலையே அனுப்பிவிட்டேன். அதற்கு வந்த பதில், "பொருள் சரியாக வழங்கப்பட்டது."

அத்தை அன்று ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல, விடுப்பா" என்றார். என்னால் விட முடியவில்லை. அந்த நாளை யார் திருப்பித் தருவார்கள்?

இரண்டு வருஷமாக உங்களிடம் வாங்குகிறேன். சேனை, மரவள்ளி எல்லாம் நல்லதாகவே வந்திருக்கிறது. அதனால் இன்னும் மரியாதையாகக் கேட்கிறேன். 640 ரூபாய், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 15,000 ரூபாய், அப்புறம் அந்தச் சேவை மையத்துக்காரரின் மன்னிப்பு. ஏழு நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. தயவுசெய்து அதுவரை போக வைக்காதீர்கள்.

மாங்காய் இஞ்சியை இன்னும் பிரிட்ஜில் அப்படியே வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்